அஸ்தம்பட்டி மாடி ஸ்டுடியோ: தாத்தா வீட்டுப் பெட்டிகளில் எது தங்கியது, எது போனது

சேலத்தில் பழைய போட்டோ, நெகட்டிவ், கல்யாண வீடியோ கேசட், ஆடியோ கேசட் எல்லாவற்றையும் பொறுப்பாக கம்ப்யூட்டருக்கு மாற்றித் தருகிற இடம் தேடுகிறவர்களுக்காக எழுதுகிறேன். நாங்கள் கொடுத்தது அஸ்தம்பட்டிப் பக்கம் ஒரு சந்தில், மாடியில் இருக்கிற பழைய ஸ்டுடியோ. அப்பாவும் மகனும் மட்டும்தான் வேலை பார்க்கிறார்கள். கையில் இருக்கிற வேலையே தள்ளிக்கொண்டு போகிறது, பெயரைப் போட வேண்டாம் என்று ஸ்டுடியோக்காரரான அப்பாவே கேட்டுக்கொண்டதால் போடவில்லை. வேலை சுத்தம், ரேட் குறைவில்லை, நேரம் நிறைய எடுக்கும். ஆனால் நான் முக்கியமாகச் சொல்ல வருவது வேறு. எதை வைத்துக்கொள்வது, எதைக் கழிப்பது என்று எங்கள் வீட்டில் இழுபறியாகவே கிடந்த விஷயம் அந்த மாடியில் போட்டிருக்கிற நீள மேசையில்தான் தீர்ந்தது.

தாத்தா ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட்டில் ரைட்டராக, அதாவது கணக்கெழுதுகிறவராக இருந்தவர். அம்மாயியும் (அம்மாவின் அம்மா) போன பிறகு அந்த வீடு பூட்டியே கிடந்தது. இப்போது விற்பது என்று முடிவாகி, சாமான்களை இறக்கியாக வேண்டும். கட்டில், பீரோ எல்லாம் யாருக்கு என்று பேசித் தீர்த்துக்கொள்ளலாம். ட்ரங்குப் பெட்டிக்குள் இருந்தவைதான் சிக்கல். பெரியம்மா ஒரு காகிதத்தைக் கூட விடக் கூடாது என்றார், ஆனால் அம்மாபேட்டையில் அவர் இருப்பது இரண்டு அறை வீடு. மாமா எல்லாவற்றையும் மொபைலில் போட்டோ பிடித்துவிட்டு ஒரேயடியாகத் தூக்கிப் போடு என்றார். அம்மா இரண்டு பேர் சொன்னதற்கும் தலையாட்டினார். இப்படி எத்தனை வீட்டில் நடக்கிறதோ தெரியவில்லை, கடைசியில் பெட்டி பரணில் ஏறிவிடும், அடுத்த தலைமுறைக்கு அதில் இருப்பவர்கள் யார் என்றே தெரியாமல் போய்விடும்.

இந்த ஸ்டுடியோவில் முதல் விஷயம், பெட்டியோடு கொடுத்துவிட்டுப் போக முடியாது. "அப்படியே வச்சுட்டுப் போகாதீங்க. உங்க வீட்ல வயசுல மூத்தவங்க யாரோ அவங்களைக் கூட்டிட்டு வாங்க, இந்த மேசைல உட்கார்ந்து பிரிங்க" என்று ஸ்டுடியோக்காரர் சொல்லிவிட்டார். அம்மாவையும் பெரியம்மாவையும் கூட்டிக்கொண்டு போனோம். போட்டோ ஒன்றுக்கு 15 ரூபாய், நெகட்டிவ் ஒரு ஃப்ரேமுக்கு 20, வீடியோ கேசட் ஒன்று 600, ஆடியோ கேசட் 250. இந்த ரேட்டைக் கேட்டதும் முதலில் கொஞ்சம் அதிகம் என்றுதான் தோன்றியது. ஆனால் படத்துக்கு இவ்வளவு என்று காசு வைத்ததால்தான் ஒவ்வொன்றையும் கையில் எடுத்துப் பார்த்தோம். மொத்தமாக ஒரு பெட்டிக்கு இவ்வளவு என்று யாராவது வாங்கியிருந்தால் எல்லாவற்றையும் கொட்டிவிட்டு வந்திருப்போம், பெரியம்மா வாயைத் திறந்து ஒரு பெயர் கூடச் சொல்லியிருக்க மாட்டார்.

ஸ்டுடியோக்காரர் ஒவ்வொரு படத்துக்கும் கேட்டது ஒரே கேள்வி. "இதைப் பார்த்தா உங்களுக்கு என்னக்கா சொல்லத் தோணுது?" பெரியம்மா பேச ஆரம்பித்தால் அது ஒரு பக்கம். இரண்டு பேருமே யோசித்து, ஒன்றும் சொல்ல வராவிட்டால் இன்னொரு பக்கம். பேசுவதை மகன் பக்கத்தில் உட்கார்ந்து அப்படியே தமிழில் டைப் அடிக்கிறார். அதுதான் பிறகு ஃபைலின் பெயராக வருகிறது, வருஷம், ஊர், யார் யார் என்று. படத்தின் பின்னால் எழுதுவதாக இருந்தால் மென்மையான பென்சிலில் ஓரமாக எழுதச் சொல்கிறார், பால்பாயின்ட் பேனா அழுத்தினால் முன்பக்கம் கோடு எழும்பும், மையும் நாளாக ஆகக் கசியும். இரண்டு பேரின் பெயரும் ஊரும் சேர்ந்து வந்ததும் வெறும் முகமாக இருந்த படம் ஆளாகிவிடுவதை அந்த மேசையில் பார்த்தேன். கழிக்கப் போகிற பக்கத்தில் என்னென்ன விழுந்தது என்றால், ஏற்காட்டில் லேடீஸ் சீட் என்கிற மலைமுனையிலிருந்து எடுத்த பனிமூட்டப் படங்கள் (வெறும் வெள்ளையாக இருந்தது), ஒரே படத்தின் மூன்று நான்கு பிரதிகள், பெயர் மட்டும் கையெழுத்தாகப் போட்ட பொங்கல் வாழ்த்துகள், யாருக்கென்றே தெரியாத கல்யாணப் பத்திரிகைகள். இவற்றைக் கழிப்பதில் பெரியம்மாவுக்கே தயக்கம் இல்லை. பிரதிகளைக் கூட ஸ்டுடியோக்காரர் தூக்கிப் போடச் சொல்லவில்லை, படத்தில் இருக்கிறவர்களின் பிள்ளைகளுக்குக் கொடுங்கள் என்று கவர் எடுத்துக் கொடுத்தார். அது எங்களுக்குத் தோன்றவே இல்லை.

எனக்கு ஒரு இடத்தில் மட்டும் அவரோடு ஒத்துப்போகவில்லை. எஸ்டேட் காபிக் களத்தில் எடுத்த பெரிய குரூப் போட்டோ ஒன்று இருந்தது, ஆணும் பெண்ணுமாக வேலைக்காரர்கள் வரிசையாக நிற்கிறார்கள், ஓரத்தில் தாத்தா கையில் செக்ரோல் (ஆள் வருகைக் கணக்கு) நோட்டோடு நிற்கிறார். தாத்தாவைத் தவிர ஒருவரையும் அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் தெரியவில்லை. தாத்தாவுக்கு வேறு நல்ல படங்கள் இருக்கின்றன, இது வேண்டுமா என்று அவர் கேட்டார். அவர் அளவுகோலில் பார்த்தால் சரிதான். ஆனால் எங்களுக்குத் தெரியாது என்பதால் யாருக்கும் தெரியாது என்று ஆகிவிடாது. அதில் நிற்கிறவர்களில் பாதிப்பேர் ஏற்காடு இருக்கிற சேர்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடி மக்கள் (கேரளக்காரர்கள் இல்லை), அவர்களுடைய பேரன் பேத்திகள் இன்றும் அந்தக் கிராமங்களில்தான் இருக்கிறார்கள். அந்தக் காலத்தில் அவர்கள் வீட்டில் கேமரா ஏது, போட்டோ ஏது. நாங்கள் பெரிதாக ஒரு பிரிண்ட் போட்டு, வீட்டைக் காலி செய்யப் போனபோது எடுத்துப் போனோம். டீக்கடையில் வைத்த கொஞ்ச நேரத்திலேயே ஒரு பெரியவர் இரண்டாவது வரிசையில் நின்ற பெண்ணைக் காட்டி "இது எங்க ஆத்தா" என்றார். அவரிடம் தன் அம்மாவின் படம் என்று வேறு ஒன்றுமே இல்லையாம். அந்த பிரிண்டை அவரிடமே கொடுத்துவிட்டு வந்தோம், பிறகு பெயர்கள் ஒவ்வொன்றாகப் போனில் வந்துகொண்டிருக்கின்றன. திரும்பி வந்து இதை ஸ்டுடியோக்காரரிடம் சொன்னதும், அடுத்து மலையிலிருந்து குரூப் போட்டோ யார் கொண்டுவந்தாலும் இதைச் சொல்வேன் என்றார். குடும்பச் சொத்து என்று நாம் நினைப்பதில் பாதி மற்றவர்களுடையது, அதைக் கழிக்கிற உரிமை நமக்கு அவ்வளவு சுலபமாகக் கிடையாது என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

மலை வீடுகளில் இருப்பவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியது ஈரம். ஏற்காடு 1,500 மீட்டர் உயரம், மழைக் காலத்தில் மேகம் ஜன்னல் வழியாக வீட்டுக்குள்ளேயே வரும். காற்றில் ஈரப்பதம் 65 சதவீதத்துக்கு மேல் நாள் கணக்கில் நின்றால் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கிவிடும், போட்டோவின் மேல்பூச்சு ஜெலட்டின், அது பூஞ்சணத்துக்கு நல்ல தீனி. எங்கள் பெட்டியில் கண்ணாடிச் சட்டத்தோடு ஒட்டிக்கொண்ட படங்கள் இருந்தன. மாமா ஒன்றை உரிக்கப் பார்த்தார், நல்லவேளை ஸ்டுடியோக்காரர் கையைப் பிடித்து நிறுத்திவிட்டார். ஒட்டியதை இழுத்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும், அதனால் கண்ணாடியோடு வைத்தே, இரண்டு பக்கமும் சாய்வாக விளக்குப் போட்டு, மேலேயிருந்து கேமராவில் எடுத்துத் தந்தார். தாத்தா படத்தில் கண்ணாடி மேல் வைத்த சந்தனம் குங்குமத்தை மட்டும் பெரியம்மாவிடம் கேட்டுக்கொண்டுதான் துடைத்தார். அந்த மரியாதை எனக்குப் பிடித்திருந்தது.

80-களில் எல்லார் வீட்டிலும் வாங்கிய அந்த பிளாஸ்டிக் தாள் போட்ட ஒட்டும் ஆல்பம் இருக்கிறதே, அதுதான் இருப்பதிலேயே மோசம். பக்கத்தில் பூசிய பசை மஞ்சளாகிப் படத்தின் முதுகைப் பிடித்துக்கொள்கிறது. பல் இடுக்கில் விடுகிற மெல்லிய நூலை படத்துக்கும் பக்கத்துக்கும் நடுவில் விட்டு மெதுவாக அறுத்து எடுத்தார்கள். ஆல்பம் போகட்டும், படம் வரட்டும் என்று அங்கேயே முடிவு செய்தோம். ஒரு ஆச்சரியம், அதே பெட்டியில் இருந்த பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள் புதிதாகக் கழுவியது போல் இருக்கின்றன, 80-களின் கலர்ப் படங்கள்தான் சிவந்து போயிருக்கின்றன. கறுப்பு வெள்ளையில் உருவம் வெள்ளித் துகளால் ஆனது, சரியாகக் கழுவியிருந்தால் நூறு வருஷம் கூட நிற்கும். கலரில் இருப்பது சாயம், இருட்டில் வைத்தாலும் அதில் நீலச் சாயம் முதலில் வெளுத்துவிடும். கறுப்பு வெள்ளை நெகட்டிவ் சிலவற்றின் கவரில் 'இந்து' என்று இருந்தது, நம் ஊட்டி இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தயாரித்தது. நெகட்டிவ் என்றால் எதையும் கழிக்காதீர்கள் என்பது அவருடைய கண்டிப்பான பேச்சு. பிரிண்டில் வராத விவரம் அதில் இருக்கும், இடமும் அடைக்காது.

சாதாரண அளவுப் படத்தை 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) எடுக்கிறார்கள், ஆறுக்கு நாலு அங்குலப் படம் என்றால் 3600க்கு 2400 புள்ளி வரும், நல்ல பெரிய பிரிண்ட் போடலாம். தீப்பெட்டி அளவுப் படங்களுக்கு 1200. மொபைலில் பிடித்துவிடலாம் என்ற மாமாவுக்கு அவர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார், அப்புறம் மாமா அந்தப் பேச்சை எடுக்கவில்லை. கையில் வாங்கும்போது ஹார்ட் டிஸ்கிலோ பென்டிரைவிலோ வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பச் சொன்னால் அது படத்தைச் சுருக்கிவிடும், 600 டிபிஐக்குக் காசு கொடுத்ததே வீண்.

இன்னொரு விஷயத்தில் இவர்களை மனதாரப் பாராட்ட வேண்டும். முகத்தை வெளுப்பாக்குவதில்லை. என் அம்மாயி நல்ல கறுப்பு. அவர் இறந்தபோது அவசரத்துக்கு வேறொரு இடத்தில் படத்தைப் பெரிதாக்கக் கொடுத்தோம், யாரோ மாநிறத்துப் பெண் ஒருத்தி புன்னகைக்கிற மாதிரி வந்தது, அம்மா அந்தப் படத்தைக் கடைசி வரை மாட்டவே இல்லை. இங்கே எதையும் தொடாத ஸ்கேன் ஒன்று, கறை கீறல் மட்டும் எடுத்தது ஒன்று என்று இரண்டு தருகிறார்கள். அம்மாயி அம்மாயியாகவே இருக்கிறார். இதற்காகவே 15 ரூபாய் கொடுக்கலாம்.

வீடியோ கேசட்டுக்கு வருவோம். சித்தியின் கல்யாணம், 1991. விஎச்எஸ் கேசட்டை அவசரப்படுத்த முடியாது, மூன்று மணி நேரக் கேசட் என்றால் மூன்று மணி நேரம் ஓடித்தான் ஆக வேண்டும். உலகத்தில் கடைசியாக விசிஆர் செய்துகொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் கம்பெனி 2016 ஜூலையோடு நிறுத்திவிட்டது, அதனால் இவர் கெட்டுப்போன டெக்குகளை வாங்கி உதிரிபாகம் கழற்றி ஓட்டிக்கொண்டிருக்கிறார். கேசட்டின் மூடியைத் தூக்கி, டார்ச் அடித்து டேப் சுற்றின் ஓரத்தைப் பார்த்தார். வெள்ளையாகத் தூள் படிந்திருந்தது, பூஞ்சணம். அதை அப்படியே ஓட்டினால் டெக்கின் ஹெட்டில் ஒட்டி, அடுத்து போடுகிற கேசட்டுக்கும் பரவும். அதனால் காய வைத்துத் துடைத்து ஓட்டுவதற்கே நாட்கள் ஆகின. இந்த மாதிரிக் கேசட்டை வீட்டில் இருக்கிற பழைய பிளேயரில் போட்டுப் பார்க்க வேண்டாம்.

வந்தது என்ன? பந்தி. பந்தி ஓடிக்கொண்டே இருக்கிறது, இலை, சாப்பிடுகிற வாய், விளக்கின் வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்குகிற முகங்கள். அந்தக் காலத்தில் இதைப் பார்த்து எல்லாரும் ஓட்டு ஓட்டு என்போம். இன்று அந்தப் பந்தியில் உட்கார்ந்திருக்கிற பாதிப்பேர் இல்லை. தாத்தா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வரிசைக்கு நடுவில் போகிறார், ஏதோ சத்தம் போட்டுச் சொல்கிறார், ஆனால் வீடியோக்காரர் அதன்மேல் சினிமாப் பாட்டைப் போட்டுவிட்டதால் குரல் இல்லை. கேசட்டை மாற்றிய பிறகு தூக்கிப் போட்டுவிடலாமா என்றால், போட்டுவிடலாம் என்றே முடிவு செய்தோம். ஃபைல் சரியாக ஓடுகிறதா என்று முழுதும் பார்த்து, மூன்று இடத்தில் வைத்துக்கொண்ட பிறகு. டேப் நாளுக்கு நாள் மோசமாகத்தான் ஆகும், ஓட்ட மெஷினும் இருக்காது. டிவிடியில் போட்டுத் தருகிறோம் என்றால் வேண்டாம் என்று சொல்லி ஃபைலாக வாங்குங்கள். முதலில் இவர்களும் டிவிடிதான் கொடுத்தார்கள், கேட்ட பிறகு ஃபைல் கிடைத்தது.

ஆடியோ கேசட்டில்தான் எங்கள் வீட்டுக்குப் புதையல் கிடைத்தது. சினிமாப் பாட்டு கேசட்டுகள் ஒரு பை நிறைய இருந்தன, அதெல்லாம் கழிக்கிற பக்கம்தான் போனது. ஸ்டுடியோக்காரர் போகிற போக்கில் அந்தப் பையைக் கிளறி இரண்டை மட்டும் வெளியே எடுத்தார். "இதை ஓட்டிப் பார்க்காம போடாதீங்கம்மா." கடையில் வாங்குகிற பாட்டு கேசட்டின் முதுகில் இரண்டு சின்ன ஓட்டை இருக்கும், மேலே எதுவும் பதியாமல் இருக்க. இந்த இரண்டிலும் அந்த ஓட்டையின் மேல் செல்லோடேப் ஒட்டியிருந்தது. யாரோ பாட்டின் மேல் வேறு எதையோ பதிவு செய்திருக்கிறார்கள் என்று அர்த்தம். ஓட்டினால், அம்மாயி. மாமா துபாயில் இருந்தபோது கடிதம் எழுதத் தெரியாத அம்மாயி பேசி அனுப்பிய கேசட், ஊருக்கு வரும்போது அவர் திரும்பக் கொண்டுவந்திருக்கிறார். மழை எப்படி, மிளகு எவ்வளவு காய்ச்சது, யார் வீட்டில் விசேஷம், நேரத்துக்குச் சாப்பிடு சாமி. நடுவில் சேவல் கூவுகிறது. எல்லாவற்றையும் தூக்கிப் போடு என்ற மாமா அந்த மேசையிலேயே அழுதுவிட்டார். கேசட் ஒன்றில் டேப்பை ஹெட்டோடு அழுத்திப் பிடிக்கிற சின்னப் பஞ்சு விழுந்திருந்தது, டேப்பை வேறு கூட்டுக்கு மாற்றி எடுத்தார்கள். உங்கள் வீட்டிலும் கல்ஃபில் இருந்தவர்கள் யாராவது இருந்தால், பாட்டு கேசட்டைக் கழிப்பதற்கு முன் அந்த ஓட்டைகளைப் பாருங்கள். இரண்டு கேசட்டையும் மாமா தன்னிடமே வைத்துக்கொண்டார், அதில் யாருக்கும் மறு பேச்சு இல்லை.

தாத்தாவின் டைரிகளை ஸ்கேன் செய்ய ஸ்டுடியோக்காரர் எடுத்துக்கொள்ளவில்லை. பக்கக் கணக்கில் போனால் உங்களுக்குக் கட்டாது, டைரியை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள் என்று அவரே தன் வருமானத்தை விட்டுவிட்டுச் சொன்னார். எஸ்டேட் வழக்கப்படி தாத்தா தினமும் மழையை அங்குலம், சென்ட் என்று எழுதியிருக்கிறார், அங்குலத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட். மார்ச், ஏப்ரலில் பூ மழை எந்தத் தேதியில் விழுந்தது, அதற்குப் பிறகு எட்டு பத்து நாளில் காபி பூத்தது, பிறகு காய் பிடிக்கிற மழை வந்ததா இல்லையா, எத்தனை ஆள் வேலைக்கு வந்தார்கள். அம்மா பிறந்த தேதியில் மழைக் கணக்குக்குக் கீழே 'பெண் குழந்தை. இருவரும் சுகம்' என்று இருக்கிறது. அதைப் பார்த்த பிறகு டைரிகள் யாரிடம் இருக்கும் என்ற கேள்விக்கு வேலையே இல்லாமல் போனது, அம்மா அலமாரியில் சிலிக்கா ஜெல் பைகளோடு இருக்கின்றன.

பாத்திரங்களுக்கும் இந்தக் கடைக்கும் சம்பந்தமில்லை என்றாலும் ஒன்று சொல்லிவிடுகிறேன். பித்தளை அண்டா, குத்துப்போணி எல்லாம் செவ்வாய்ப்பேட்டையில் எடைக்குப் போட்டால் உருக்கத்தான் போகும். போடுவதற்கு முன் ஒவ்வொன்றின் விளிம்பையும் புளி போட்டுத் துலக்கிப் பாருங்கள், பெயர் வெட்டியிருப்பார்கள். அம்மாயியின் அம்மா பெயர் எங்களுக்கு ஒரு சொம்பில்தான் கிடைத்தது. பெயர் இருந்ததை மட்டும் வைத்துக்கொண்டு மீதியைப் போட்டுவிட்டோம். அந்தச் சொம்பை யாரும் காட்சிக்கு வைக்கவில்லை, பெரியம்மா வீட்டில் தினமும் தண்ணீர் மொள்ளுகிறது.

கழித்தவற்றை எப்படிப் போடுவது என்று பெரியம்மாவுக்குச் சங்கடம் இருந்தது. மனிதர் முகம் இருக்கிற படத்தைக் கிழிக்க மனம் வராதுதான். சாமி படங்களைக் கோயில் மரத்தடியில் வைத்துவிட்டோம். கலர் போட்டோத் தாளில் பிளாஸ்டிக் பூச்சு இருப்பதால் பழைய பேப்பரோடு போடவும் கூடாது, எரித்தால் கெட்ட புகை வரும். கவரில் கட்டி மட்காத குப்பையில் தனியாகக் கொடுத்தோம்.

குறைகள்: சொன்ன தேதிக்குத் தர மாட்டார்கள், போன் எடுக்க மாட்டார்கள், மாடிப்படி செங்குத்து, முட்டி வலி இருக்கிற பெரியவர்களைக் கையைப் பிடித்துத்தான் ஏற்ற வேண்டும். ரசீதில் உருப்படிகளை எண்ணிக்கை மட்டும்தான் எழுதுகிறார்கள், அரிய படங்களைத் தனியாகக் குறித்துக் கையெழுத்து வாங்கிக்கொள்வது நல்லது. பென்டிரைவ் ஒன்று கொடுப்பார்கள், அதை மட்டும் நம்பாமல் இன்னும் இரண்டு காப்பி எடுத்து ஒன்றை வெளியூரில் இருக்கிற சொந்தக்காரரிடம் கொடுத்து வையுங்கள்.

வேலை நாளில் காலையில் போனால் மேசை காலியாக இருக்கும், முகூர்த்த நாட்களில் இருவரும் கல்யாண மண்டபத்தில் இருப்பார்கள். வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு போவதாக இருந்தால் அவர்களுக்குப் பேசத் தெம்பு இருக்கும்போதே போங்கள், தண்ணீரும் சாப்பிட ஏதாவதும் கையில் இருக்கட்டும், உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டார்கள். மலையில் பூட்டிக் கிடக்கிற வீடு உள்ளவர்கள் பெட்டியை மட்டுமாவது வெயில் காலத்திலேயே கீழே இறக்கிவிடுங்கள்.